அலம்பிக் வாங்கும் முன் கொல்லைப்புறத்தைப் பாருங்கள்

எங்கள் ரம் வடிக்கும் கொட்டகைக்கு வருகிறவர்கள் அலம்பிக் என்கிற செம்பு வடிகலத்தின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பின்பக்கத்து இரண்டு சிமெண்ட் தொட்டிகளை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "அக்கா, நானும் சின்னதாக ஒரு ரம் பட்டறை போடலாம் என்றிருக்கிறேன், எந்த அலம்பிக் நல்லது?" என்று கேட்கும் தம்பிகளை நான் முதலில் கூட்டிப்போவது அந்தத் தொட்டிகளுக்குத்தான்.

நான் மொரீஷியஸின் தெற்கே, சூயாக் பக்கம். சர்க்கரை ஆலைப் பரிசோதனைக்கூடத்தில் 18 வருஷம் சாற்றின் இனிப்பை அளந்தவள். ஆலை மூடியதும் இதில் இறங்கினேன்.

முதல் வேலை உரிமம். தாத்தா காலத்துத் திலாம்பிக், அதாவது திருட்டு ரம் கதைகள் கேட்க நன்றாக இருக்கும். உரிமம் இல்லாமல் வடித்தால் குற்றம், அவ்வளவுதான். இங்கே 2006-க்கு முன்னால் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்துதான் ரம் வடிக்கலாம். சாற்றிலிருந்து நேரடியாக வடிக்க வழி பிறந்தது அதற்கப்புறம்தான். ஷாமரெல் ரம் ஆலை 2008-இல் திறந்தது. ஆக, நமக்கு முன்னால் போனவர்களும் நேற்றுப் போனவர்களே.

அடுத்தது கணக்கு. 1000 லிட்டர் சாறு நன்றாக நொதித்தால் 8 சதவீதம் வரும், அதாவது 80 லிட்டர் சுத்த ஆல்கஹால். வடிக்கும்போது முதலில் வரும் தலையும் கடைசியில் வரும் வாலும் சேதாரமும் போக 70 மிஞ்சும். தண்ணீர் கலந்து 40 சதவீதத்துக்கு இறக்கினால் 175 லிட்டர், முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைந்த 700 மில்லி பாட்டிலில் 250. இதற்கு மேல் யாராவது கணக்குச் சொன்னால் அவரிடம் கலம் வாங்காதீர்கள்.

வெட்டிய கரும்பை அன்றைக்கே பிழியுங்கள். ஜூனிலிருந்து டிசம்பர் வரைதான் வெட்டு. அந்த மாதங்களில் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. ஃபாங்கூரின், அதாவது புதிதாகப் பிழிந்த கரும்புச்சாறு, காலையில் பச்சையாக மணக்கும், வெயிலில் விட்டால் சாயங்காலம் புளித்துவிடும். ஈஸ்ட் போட்டபின் 30 டிகிரியைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் நுரை அடங்கும்.

இரண்டு தடவை வடிக்கிறோம். முதல் தடவை வருவது ஏறக்குறைய 25 சதவீதம். இரண்டாவது தடவையில்தான் வேலையே. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தத் தெர்மாமீட்டரை நம்பித் தலை, நெஞ்சு, வால் என்று பிரிக்காதீர்கள். 20 கண்ணாடி ஜாடிகளில் எண் ஒட்டி வரிசையாகப் பிடியுங்கள். முதல் ஜாடிகள் நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல மூக்கைக் குத்தும்: தலை. அப்புறம் பச்சைக் கரும்பு, பழுத்த வாழைப்பழம்: இதுதான் நெஞ்சு. கடைசியில் நனைந்த சாக்கு வாடை தொடங்கினால் வால் வந்துவிட்டது. அன்றைக்கே முடிவெடுக்க வேண்டாம். ஜாடிகளை மெல்லிய துணியால் மூடி வைத்து, மறுநாள் காலை, டீ குடிப்பதற்கு முன், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து முகர்ந்து பாருங்கள். தண்ணீர் விட்டதும் ஒளிந்திருந்த வாலெல்லாம் வெளியே வரும். எனக்கு நாக்கைவிட மூக்கின் மேல்தான் நம்பிக்கை. ரசம் கொதிக்கும்போதே உப்பு குறைவு என்று சொல்லும் மூக்கு அம்மாவுடையது, அதிலிருந்து வந்தது.

சரி, அந்தத் தொட்டிகள். 1000 லிட்டர் வடித்தால் 700 லிட்டருக்குப் பக்கமாகக் கலத்தின் அடியில் சூடான புளித்த கழிவுநீர் நிற்கும். ஓடையில் விட்டால் தண்ணீரிலுள்ள பிராணவாயுவை எல்லாம் அது தின்றுவிடும், மீன் சாகும். அதையே ஒரு தொட்டியில் ஆறவைத்து, அளவோடு கரும்புக் காட்டுக்குப் பாய்ச்சினால் பொட்டாஷ் உரம். பாய்ச்ச நிலம் இல்லாதவர் பட்டறை போடக்கூடாது என்பது என் கட்சி. இன்னொரு தொட்டி ஆவியைக் குளிரூட்டும் தண்ணீருக்கு. முதல் வருஷம் அதைச் சின்னதாகக் கட்டிவிட்டேன். நவம்பர் வெயிலில், மூன்றாவது மணி நேரத்தில் தண்ணீரே வெதுவெதுப்பாகிவிட்டது. குழாயில் சாராயத்துக்குப் பதில் ஆவி வந்தது. அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து நெருப்பைத் தேடிப் போகும். சூட்டை நிறுத்திவிட்டு எல்லாரையும் வெளியே துரத்தினேன். காற்றுப்போக்கிகளைத் தரை மட்டத்தில் வையுங்கள். 40 சதவீத ரம்மின் ஆவியே 26 டிகிரிக்கு மேல் பற்றும். நம் ஊரில் அது சாதாரண அறைச் சூடு.

வெள்ளை ரம்மை ஸ்டீல் தொட்டியில் சில வாரம் ஓய்வெடுக்க விட்டு, நாளுக்குக் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து இறக்குங்கள். இங்கேதான் ஆலைப் பரிசோதனைக்கூடத்துக்காரி மண்ணைக் கவ்வினாள். ஆல்கஹால்மானி 20 டிகிரிக்குச் செய்தது. 30 டிகிரிச் சூட்டில் 40 என்று காட்டினால் உள்ளே இருப்பது 36. அட்டவணை பார்க்காமல் முதல் தொகுதி முழுவதற்கும் லேபிள் ஒட்டிவிட்டேன். அத்தனையையும் திறந்து, வலுவான ரம் கலந்து, மறுபடி அடைத்தேன்.

ஜனவரி, பிப்ரவரி வாக்கில், காவடி விரதத்தின் பத்து நாளும் வீட்டில் யாரும் ரம்மைத் தொடுவதில்லை. செம்பின் உட்புறத்தை எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.