டிவிடி பிளேயர் மக்கர் செய்தால் ஸ்க்ரூடிரைவர் கடைசியில்தான்

'நோ டிஸ்க்' என்று திரையில் வந்ததுமே லென்ஸ் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதுவதுதான் முதல் தவறு. வேறு நாலைந்து டிஸ்க்குகளைப் போட்டுப் பாருங்கள். எது ஓடுகிறது, எது மறுக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீள லேசர், டிவிடியைப் படிப்பது 650. பல பிளேயர்களில் இரண்டுக்கும் தனித்தனி டையோடு, அதாவது லேசரை உமிழும் குட்டிப் பாகம். ஆகவே சிடி ஜோராகப் பாடி, டிவிடி மட்டும் எதுவுமே ஓடவில்லையென்றால், டிவிடி லேசர் வலுவிழந்திருக்க வாய்ப்பு அதிகம். நீங்களே எழுதிய டிஸ்க் மட்டும் ஓடவில்லையா? ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்ற பிளேயர்களும் படிக்கும்படி பதிவை முடித்து மூடாமல் விட்டிருப்பீர்கள். வெளிநாட்டில் வாங்கியது என்றால் ரீஜன் கோடு, அதாவது எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடலாம் என்று டிஸ்க்கில் போட்டிருக்கும் பூட்டு. இதற்கெல்லாம் பிளேயரைத் திட்டிப் பயனில்லை.

டிஸ்க்கை வட்ட வட்டமாகத் துடைப்பது அடுத்தது. தகவல் சுருள் பாதையில் பதிவாகியிருக்கிறது. குறுக்கே விழும் கீறலைப் பிளேயர் பெரும்பாலும் சமாளித்துவிடும். பாதையோடு சேர்ந்து ஓடும் கீறல் ஒரே இடத்தில் நிறையத் தகவலைத் தின்றுவிடும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள்.

சரி, மூடியைத் திறந்தே ஆக வேண்டும் என்றால், முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கெபாசிட்டர் சிறிது நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்; 230 வோல்ட் இணைப்பில் அது 300 வோல்ட்டைத் தாண்டும். மூடி இல்லாமல் ஓடவிட்டு லென்ஸுக்குள் எட்டிப் பார்ப்பதும் கூடாது. சிடி லேசர் கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெரியாது, அதனால் வெளிச்சம் இல்லையே என்று நம்பிவிடாதீர்கள்.

லென்ஸ் சட்டைப் பொத்தானைவிடச் சின்னது, லேசாக நீலம் பாய்ந்திருக்கும். முடி போன்ற கம்பிகளில் தொங்கிக்கொண்டு மேலும் கீழும் ஆடும். அழுத்தித் தேய்த்தால் கம்பி வளைந்துவிடும், அப்புறம் ஃபோகஸே கிடைக்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் பட்டும் படாமலும் ஒரு வருடல், அவ்வளவுதான். நகப்பூச்சு நீக்கும் திரவம், தின்னர் எதுவும் பக்கத்திலேயே வரக்கூடாது. பல லென்ஸ்கள் பிளாஸ்டிக், மங்கிப்போகும்.

லென்ஸும் லேசரும் சேர்ந்த லென்ஸ் தொகுதியில் ஒரு குட்டி பிரிசெட், அதாவது ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் திருப்பினால் லேசருக்குப் போகும் கரண்ட் கூடும், ஓடாத டிஸ்க் ஓடும். நானும் திருப்பினேன். அன்று மாலை வீட்டில் என்னைவிடப் பெரிய மெக்கானிக் இல்லை. சில வாரத்தில் லேசர் முழுசாகக் கண்ணை மூடியது.

ட்ரே திறக்காவிட்டால் மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் ரப்பர் பெல்ட்டைப் பாருங்கள், தளர்ந்து வழுக்கிக்கொண்டிருக்கும். கத்தியால் நெம்புகிறவர்கள் பல்சக்கரத்தையும் சேர்த்து உடைக்கிறார்கள்.

புது லென்ஸ் தொகுதி வாங்கி மாட்டியும் ஓடவில்லையென்றால், 'இதுவும் டூப்ளிகேட்' என்று தூக்கி எறியாதீர்கள். நிலைமின்சாரம் தாக்காமலிருக்க, பல தொகுதிகளில் இரண்டு புள்ளிகளை ஒரு துளி ஈயத்தால் இணைத்தே அனுப்புவார்கள். ரிப்பன் கேபிளைச் செருகிய பிறகு அந்தத் துளியை எடுக்க வேண்டும். அது இருக்கும்வரை லேசர் எரியாது.