வேகமான ஓட்டக்காரரை வைத்துப் போக்குக் காட்டுவது எப்படி? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: தொடக்கப் பாடம்

2006 ஜனவரி 4. கலிஃபோர்னியாவின் பாசடேனாவில் ரோஸ் பவுல் ஆட்டம், தேசிய சாம்பியனை முடிவு செய்யும் ஆட்டம். தொடர்ந்து 34 ஆட்டங்களில் வென்றிருந்த யூஎஸ்சி (தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணி), டெக்சாஸ் பல்கலைக்கழக அணியைவிட 38-33 என்று முன்னே இருந்தது. மிச்சம் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். பந்து யூஎஸ்சியிடம். நான்காவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி), தேவை 2 யார்டு. பந்தைத் தங்கள் ஓட்டக்காரர் லெண்டேல் வைட்டிடம் கொடுத்தார்கள். டெக்சாஸ்காரர்கள் நடுவில் குவிந்து அவரை நிறுத்திவிட்டார்கள். ஆட்டம் முடிய 19 விநாடி இருக்கும்போது டெக்சாஸின் குவார்ட்டர்பேக் (பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) வின்ஸ் யங் டச்டவுன் எடுக்க (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்ட), டெக்சாஸ் 41-38 என்று வென்றது.

அந்த நான்காவது டவுனில் யூஎஸ்சியின் வேகமான ஓட்டக்காரர் ரெஜி புஷ் மைதானத்துக்குள் இல்லை. அந்தப் பருவத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்றவர், எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் பந்தைக் கொடுக்கவே வேண்டியதில்லை. ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தால்கூட ஒரு தடுப்பாளராவது நடுவை விட்டு விலகியிருப்பார். 2 யார்டு எடுக்க அது போதும் என்றே நான் நம்புகிறேன்.

பள்ளி அணிக்கோ ஃப்ளாக் ஃபுட்பால் (ஆளை வீழ்த்தாமல் இடுப்பிலுள்ள கொடியைப் பறித்து ஆடும் வகை) குழுவுக்கோ புதிதாகப் பயிற்சி தருபவர்களையும், டிவியில் பார்த்துப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: முதலில் நிஜமாகவே பந்தைக் கொடுங்கள்

பயம் இல்லாத இடத்தில் போக்குக் காட்டினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஓரிரு முறை உங்கள் வேகக்காரரிடம் பந்து போக வேண்டும். எண்ணிக்கை நிறைய வேண்டாம். 2012 ரோஸ் பவுலில் ஓரிகன் அணியின் டிஆந்தனி தாமஸ் இரண்டே தடவைதான் பந்தை ஏந்தி ஓடினார். 155 யார்டு, இரண்டு டச்டவுன், அதில் ஒன்று 91 யார்டு ஓட்டம். அப்படி ஒருவர் மைதானத்தில் இருந்தால், அவர் சும்மா நின்றாலும் எதிரணியின் கண் அவர் மேலேயே இருக்கும்.

படி 2: அகலமான பக்கத்தைப் பயன்படுத்துங்கள்

மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரி ஆட்டத்தில் ஹாஷ் கோடுகள் (பந்தை வைக்கும் இடத்துக்கு எல்லை காட்டும் இரண்டு வரிசைக் குறிகள்) ஒவ்வொன்றும் பக்கக் கோட்டிலிருந்து 60 அடி தள்ளி இருக்கும். பந்து ஒரு ஹாஷில் வைக்கப்பட்டால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஹாஷ் கோடுகள் நடுவை நெருங்கி இருப்பதால் இவ்வளவு வித்தியாசம் வராது. வேகக்காரர் அந்த 100 அடிப் பக்கமாக ஓடக் கிளம்பினால், தடுப்பாளர்கள் சீக்கிரமே அந்தப் பக்கம் நகர்ந்தாக வேண்டும்.

படி 3: ஜெட் மோஷன்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. குறுகிய பக்கத்தில் நிற்கும் வேகக்காரர், ஸ்நாப்புக்கு (தரையிலுள்ள பந்தைப் பின்னால் குவார்ட்டர்பேக்குக்குத் தருவது) முன்பே குவார்ட்டர்பேக்கை நோக்கிக் குறுக்கே ஓடி வருகிறார். அவர் நெருங்கும்போது பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வர வேண்டும். பந்து முன்கூட்டி வந்தால் அவர் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டார். பந்து தாமதித்தால் அவர் தாண்டிப் போயிருப்பார், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டி வரும். வாரம் முழுக்க வேறு எதையும் பயிற்சி செய்ய நேரமில்லை என்றாலும் இந்த ஒன்றைச் செய்யுங்கள்.

விதி தெரிந்திருக்க வேண்டும்: ஸ்நாப் ஆகும் நேரத்தில் பந்து வைத்திருக்கும் அணியில் ஒருவர் மட்டுமே நகரலாம், அதுவும் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ. முன்னே ஒரு அடி சாய்ந்தாலும் நடுவரின் தவறுக் கொடி விழும், 5 யார்டு போய்விடும்.

படி 4: யார் நகர்கிறார்கள் என்று பாருங்கள்

மோஷன் போகும்போதே எதிரணி தன் திட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே தடுப்பாளர் அவரோடு குறுக்கே ஓடி வந்தால், பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல். யாரும் துரத்தாமல் லைன்பேக்கர்கள் (முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் தடுப்பாளர்கள்) ஆளுக்கு ஓர் அடி நகர்ந்து, எல்லாருக்கும் பின்னால் இருக்கும் தடுப்பாளரான சேஃப்டி முன்னே இறங்கி வந்தால் மண்டலக் காவல், அதாவது ஆளுக்கு ஓர் இடத்தைக் காப்பது. இதைக் கவனிக்க பெஞ்சில் ஒருவரை நிறுத்துங்கள். அவருடைய வேலை ஒரே ஒரு தடுப்பாளரைப் பார்ப்பது மட்டும்தான். எல்லாரையும் பார்க்கச் சொன்னால் பந்தைத்தான் பார்ப்பார்.

படி 5: காலியான இடத்தில் அடியுங்கள்

லைன்பேக்கர் மோஷன் பக்கம் சாய்கிறாரா? பந்தை ரன்னிங் பேக்கிடம் (குவார்ட்டர்பேக் அருகே நிற்கும் ஓட்டக்காரர்) கொடுத்து நடுவிலோ எதிர்ப்பக்கமோ ஓட விடுங்கள். குவார்ட்டர்பேக்குக்கு ஓடத் தெரிந்தால் அவரே வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போகலாம். சேஃப்டி இறங்கி வருகிறாரா? அவர் விட்டு வந்த இடத்துக்கு ஒரு நீண்ட பாஸ். ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியில் குவார்ட்டர்பேக் டிம் டீபோவும் வேகக்காரர் பெர்சி ஹார்வினும் சேர்ந்து ஆடிய காலத்து வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். ஹார்வினுக்குப் பந்து வராத முயற்சிகளில் டீபோவின் முன்னே எவ்வளவு இடம் திறக்கிறது என்று கவனியுங்கள்.

தொடக்கத்தில் ஒரே மோஷன், அதிலிருந்து மூன்று ஆட்டத் திட்டங்கள் போதும். பத்து வைத்துக்கொண்டால் உங்கள் பிள்ளைகளே குழம்பிப்போவார்கள்.

படி 6: பந்து இல்லாதபோதும் முழு வேகம்

பந்து வராது என்று தெரிந்ததும் இளைஞர்கள் மெதுவாக ஓடுவார்கள். இரண்டாவது முறையே எதிரணி அதைப் பிடித்துவிடும். கைகளை வயிற்றோடு மூடி, பந்து இருப்பது போலவே விசில் வரை ஓட வேண்டும். குவார்ட்டர்பேக்கும் கைமாற்றுவது போன்ற அசைவை முழுதாகச் செய்ய வேண்டும். இந்த ஓட்டத்துக்குப் புள்ளிவிவரப் பட்டியலில் இடம் கிடையாது. அதனால் வீடியோ பார்க்கும்போது அணி முன்னிலையில் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். நடுவில் கிடைத்த 12 யார்டு இவருடைய ஓட்டத்தால் வந்தது என்று காட்டுங்கள். அப்புறம் அவராகவே ஓடுவார்.

படி 7: அவர்கள் ஏமாறுவதை நிறுத்தும்போது

நீங்கள் கவனித்துவந்த அந்தத் தடுப்பாளர் ஒரு கட்டத்தில் நகராமல் நடுவிலேயே நிற்பார். அடுத்த முயற்சியிலேயே அதே அணிவகுப்பு, அதே மோஷன், பந்து வேகக்காரருக்கு. கைமாற்றும்போது தவறும் என்று பயமிருந்தால், குவார்ட்டர்பேக் தனக்கு முன்னால் கடந்து போகிறவரை நோக்கிப் பந்தை மெல்லத் தட்டிவிடட்டும். அது முன்னோக்கிய பாஸாகக் கணக்கிடப்படும். பிடி நழுவி விழுந்தாலும் நிறைவேறாத பாஸ்தான், பந்து எதிரணிக்குப் போகாது.