நெடுந்தீவுக்கு நண்பர்களுடன் செல்வோர் கவனத்துக்கு

இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணக் கரைக்கு அப்பாலுள்ள நெடுந்தீவுக்கான பயணத்தில் முதலில் தீர்மானிக்க வேண்டியது எதைப் பார்ப்பது என்பதன்று, எந்தப் படகில் திரும்புவது என்பதே. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை தரைவழியாகச் சென்றுவிடலாம். அதன் பின்னர் கடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்ல வேண்டும். நாளொன்றுக்குச் சில படகுகளே ஓடுவதாலும், காற்று பலத்தால் அவையும் தடைப்படுவதாலும், முந்திய நாளே விசாரித்துப் போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பக்கத்துத் தீவான நயினாதீவுக்குச் செல்லும் படகுகளும் அதே துறையிலிருந்துதான் புறப்படுகின்றன. பேச்சு மும்முரத்தில் வரிசை மாறி நின்றால் அங்குள்ள நயினை அம்மனைத் தரிசித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே மாதத்துக்குப் பின் சோளகம் எனும் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால், அலைக்குப் பழகாதவர்கள் வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது, வயிறு நிறைய உண்டுவிட்டும் ஏறக் கூடாது. தீவில் நன்னீர் அரிது என்பதால் குடிநீரை ஆளுக்கு மூன்று லீற்றராவது கொண்டு செல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் தண்ணீருக்குப் பதிலாகத் தின்பண்டங்களை அடைத்துவந்து, நண்பகலுக்குள் மற்றவர்களின் போத்தல்களைக் காலிசெய்தார்.

இறங்கியதும் ஓட்டோவையோ சிறு வாகனத்தையோ நாள் முழுவதற்கும் பேசி, ஏறுமுன் கூலியை முடிவுசெய்வது நல்லது. சைக்கிளில் சுற்றுவதே எனக்கு விருப்பமானது என்றாலும், நிழல் குறைந்த அந்தத் தெருக்களில் எல்லோராலும் அது முடியாது.

வாகனத்தை முதலில் நிறுத்த வேண்டிய இடம் கோட்டையன்று, ஏதேனும் ஒரு வேலிப்புறம். சுண்ணாம்போ சேறோ இன்றி முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய மதில்களே இங்கு வேலிகள். குனிந்து பார்த்தால், ஒவ்வொரு கல்லிலும் ஒருகாலத்தில் கடலடியில் உயிரோடிருந்த பவளத்தின் மடிப்புகளும் நுண்துளைகளும் தெரியும். போர்த்துக்கேயர் கட்டியதாகக் கருதப்படும் கோட்டையின் இடிபாடுகளும் இதே கல்லால் ஆனவையே; மதில்களைப் பார்த்த பின் அங்கே சென்றால், அந்நியர் கோட்டையும் ஊரவர் வேலியும் ஒரே கடலிலிருந்து வந்தவை என்பது விளங்கும். கல் உதிரும் நிலையில் இருப்பதால் சுவர்களின்மேல் ஏற வேண்டாம்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர்: வேலணை லைடன் ஆயிற்று, காரைநகர் அம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லம். பெரிதும் நிலைத்தது நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ட் என்ற பெயரே.

ஐரோப்பியர் கொண்டுவந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் இங்கே கட்டாக்காலிகளாகத் திரிகின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவை நிருவகித்த நோலன் என்ற பிரித்தானியப் படை அதிகாரி குதிரை வளர்ப்பை முன்னின்று நடத்தினார். பழைய லாயத்தின் தூண்களை இன்றும் காணலாம். குதிரைகளைக் காண விடியற்காலையும் மாலையுமே ஏற்றவை. ஆகவே சிறிய தங்குமிடம் ஒன்றில் முன்கூட்டியே இடம்பிடித்து ஓர் இரவு தங்குவதே என் பரிந்துரை. அவற்றைத் துரத்திப் படமெடுக்காதீர்கள். வறட்சிக் காலத்தில் தண்ணீரின்றி மடியும் விலங்குகளை வீணாக ஓடவிடுவது கொடுமை.

ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, பாவோபாப் எனப்படும் பெருக்கமரத்தின் உட்பொந்தில் சிலர் சேர்ந்து நிற்கலாம். அதன் பட்டையில் ஏற்கெனவே போதிய அளவு பெயர்கள் இருக்கின்றன.

திரும்பும் படகுக்கு அரைமணி முன்னதாகத் தீவின் இறங்குதுறையான மாவிலித்துறைக்கு வந்துவிடுங்கள். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்ட முப்பதுக்கும் மேற்பட்ட பயணிகளின் நினைவிடம் அங்கே உள்ளது. நீங்கள் கடக்கவிருக்கும் அதே கடல்வழியில்தான் அது நடந்தது. உடன் காத்திருப்போரில் அவர்களின் உறவினரும் இருக்கக்கூடும் என்பதால், அங்கே கும்மாளத்தை நிறுத்திவிடுங்கள். படகு வந்ததும், சுமைகளோடு நிற்கும் ஊரவரை முதலில் ஏறவிட்டு, பின்னர் ஏறுங்கள்.