மொசரெல்லா துருவினா களி மாதிரி ஆகுதா? எனக்கு சரியான கதை

வீட்டுல பீட்சா போட 200 கிராம் மொசரெல்லா சீஸ் பிளாக் வாங்கிட்டு வந்து கேரட் துருவுற தட்டையான துருவில தேய்ச்சா, இழை இழையா வராம ஓட்டையில அப்பிக்கிட்டு களி மாதிரி ஆயிடுச்சு. துருவிதான் மொக்கையாயிடுச்சுன்னு நினைச்சு கைப்பிடி சுத்துற டிரம் டைப் வாங்கினேன், அதுல இன்னும் மோசம், டிரம்முக்குள்ளயே அடைச்சுக்கிச்சு. அடுத்து மைக்ரோபிளேன், அதாவது பொடி ஓட்டை இருக்குற நீளமான துருவி. அது பார்மேசான் மாதிரி கெட்டி சீஸுக்கும் எலுமிச்சை தோலுக்கும் அருமை, ஆனா மொசரெல்லாவுக்கு சுத்தமா ஆகாது.

கடைசில வேலை செஞ்சது நாலு பக்க பாக்ஸ் கிரேட்டரோட பெரிய ஓட்டை பக்கம்தான். ஆனா அது மட்டும் போதாது, சீஸை 20 நிமிஷம் ஃப்ரீசர்ல வச்சு இறுகின உடனே எடுத்து, மேல இருக்குற ஈரத்தை டிஷ்யூல ஒத்திட்டு, ஓட்டை மேல ரெண்டு சொட்டு எண்ணெய் தடவி, அழுத்தாம மேலிருந்து கீழ ஒரே பக்கமா இழுக்கணும். முன்னும் பின்னும் தேய்ச்சா கை சூட்டுலயே இளக ஆரம்பிச்சிடும், எனக்கு மூணு நாளா புரியாம இருந்தது இதுதான். முள்ளு முள்ளா இருக்குற பக்கத்துக்கு மொசரெல்லாவை கொண்டு போகவே போகாதீங்க, அது ஜாதிக்காய்க்கு.

கழுவும்போது முதல்ல பச்சைத்தண்ணி, வெந்நீர் ஊத்தினா ஒட்டியிருக்குற சீஸ் உருகி இன்னும் பிடிச்சுக்கும். இப்ப இழை உதிரி உதிரியா விழுது, அப்பாடான்னு இருக்கு.