ரிம் தேய்ந்துவிட்டதா? முதலில் உள்பக்கம் பாருங்கள்

சுங்கை சிப்புட்டில் தைப்பூசத்தன்று கோயில் பக்கம் இடம் தேடிக் கார் நிறுத்திப் பாருங்கள், தெரியும். ஒரு பக்கம் லோங்காங் சாக்கடை, இன்னொரு பக்கம் கடைவரிசையின் உயரமான சிமெண்டு ஓரம். என் மைவி காரை நெருக்கி நிறுத்தப் போய், முன் இடப்பக்க ஸ்போர்ட்ஸ் ரிம்மைக் கர்ர்ரென்று நானே தேய்த்துவிட்டேன்.

வயிற்றெரிச்சல் அப்புறம். முதலில் சக்கரத்தைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். வெளியே தெரிகிற தேய்ப்பு பெரும்பாலும் அழகுக் குறைதான். உள்விளிம்பு நெளிந்திருந்தாலோ, மயிரிழை வெடிப்பு இருந்தாலோ, காற்று அடிக்கடி குறைந்தாலோ, 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் ஆடினாலோ கதை வேறு. எஸ்டேட் மண்சாலைப் பள்ளத்தில் அடிவாங்கிய ரிம்மில் இதுதான் வரும். வெடிப்பை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று சொல்ல ஆள் இருக்கும். ஆனால் சூடு பட்ட அலுமினியம் சுற்றிலும் பலம் இழக்கும், பிள்ளைகளை ஏற்றுகிற காருக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாற்றிவிடுங்கள்.

அடுத்து, ரிம் எந்த வகை? முகப்பு பளபளவென்று மின்னி, உற்றுப் பார்த்தால் இசைத்தட்டு மாதிரி மெல்லிய வட்டக்கோடுகள் தெரிந்தால் அது லேத்தில் கடைந்தது. அதில் உப்புத்தாள் வைக்காதீர்கள், கடைக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு கடைசலிலும் உலோகம் குறைவதால் அதையும் பல தடவை செய்ய முடியாது.

முழுக்கப் பெயிண்ட் அடித்த ரிம் என்றால் வீட்டிலேயே முடிக்கலாம். பிரேக் தூசியும் செம்மண்ணும் போகச் சோப்புப் போட்டுக் கழுவி, காய்ந்ததும் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுங்கள். தீபாவளிக்கு ஆடிய பழைய சீட்டுக்கட்டு இருந்தால் எடுத்து டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் சுற்றிலும் சொருகுங்கள், டயரில் பெயிண்ட் படாது. நட்டு உட்காரும் குழிகளையும் பின்னால் அச்சோடு ஒட்டும் முகத்தையும் டேப் போட்டு மூடிவிடுங்கள், அங்கே பெயிண்ட் தடித்தால் நட்டு பிற்பாடு தளரும். 240 உப்புத்தாளால் பிசிறைத் தேய்த்து, 400 போட்டு, ஆழமான இடத்தில் உலோகப் பட்டி பூசி, இறுகியதும் 800 வரை தேய்த்து மழுங்க விடுங்கள். அவசரப்பட்டால் எல்லாம் வீணாவது இங்கேதான்: பிரைமர், நிறம், மேலே நிறமில்லாத பளபளப்புக் கிளியர் மூன்றையுமே மெல்லிசாக, பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று பூச்சாக அடிக்க வேண்டும், ஒரேயடியாக அடித்தால் வழிந்துவிடும். காலையிலேயே தொடங்குங்கள். மதியம் வானம் கறுத்து ஈரம் ஏறினால் கிளியர் பால் மாதிரி வெளுத்துப் போகும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது, திரும்பத் தேய்த்தேன்.

நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். நட்டுகளை முதலில் கையால் திருகி, பிறகு எதிரெதிராக முறுக்குங்கள், எவ்வளவு என்று காரின் கையேட்டில் இருக்கும். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், ஈப்போ பக்கம் பழைய கார் உதிரிபாகம் விற்கும் ஹாஃப்கட் கடைகளில் ஒற்றை ரிம் கேட்டுப் பாருங்கள், நான்கும் வாங்கத் தேவையில்லை. மைவிக்கும் சாகா காருக்கும் 4 நட்டு ஓட்டை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர்தான், ஆனால் அதை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ரிம்மின் பின்னால் பொறித்திருக்கும் அகலமும், சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்று சொல்லும் ஈடி (ET) எண்ணும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், நடு ஓட்டை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப வளையம் போட வேண்டும். உங்கள் நட்டின் கூம்பு புது ரிம்மின் குழியில் சரியாக உட்காருகிறதா என்பதைக் கடையிலேயே திருகிப் பாருங்கள், கடைக்காரத் தவ்க்கே முறைத்தாலும் பரவாயில்லை.