வீட்டுக் குளத்தில் விரால்: மூச்சு விட இடம் கொடுங்கள்

விரால் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் மேல்பரப்பைத்தான். செவுள் போதாமல், தலைக்குள் செவுளுக்கு மேலே இருக்கும் ஓர் உறுப்பாலும் அது காற்றை நேரடியாகச் சுவாசிக்கிறது. மேலே வர முடியாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். அதனால் ஆகாயத்தாமரை குளத்தை அடைக்க விடாதீர்கள், பாதிக்கு மேல் திறந்தே இருக்கட்டும்.

வலை கட்டாயம். நன்றாகத் துள்ளும், ஈரத்தரையில் ஊர்ந்தும் போகும். வலையைத் தண்ணீரை ஒட்டிக் கட்டாமல் ஒரு முழம் உயர்த்தி இழுத்துக் கட்டுங்கள்.

சாயங்காலம் அசையாமல் கரையில் நின்றால் 'ப்ளப்' என்று சின்னச் சத்தம் கேட்கும், மூக்கு நுனி தெரிந்து மறையும், ஒரு கொப்புளம் மட்டும் மிச்சம். அது வழக்கத்தைவிட அடிக்கடி கேட்டால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, கால்வாசித் தண்ணீரை மாற்றிவிடுவேன். காற்றைச் சுவாசிக்கிற மீன்தானே என்று அழுக்கில் போட்டு வைப்பது கொடுமை, அமோனியா அதையும் கொல்லும்.

அப்புறம், ஒரே அளவுக் குஞ்சுகளாக விடுங்கள். வாயில் அடங்குவது தன் இனமே ஆனாலும் விழுங்கிவிடும். வளர்ந்த மீனுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை தீனி போதும். வளர்க்க முடியாமல் போனால் ஆற்றிலோ ஏரியிலோ விடாதீர்கள், வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.