டாக்டர் ஹூ: நடிகர் மாறும்போது நாம் செய்யும் தவறுகள்

பிபிசியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரைப் புதிதாகப் பார்ப்பவர்கள், அதை ஜேம்ஸ் பாண்ட் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் தவறே அதுதான். பாண்ட் படங்களில் நடிகர் மாறினால் கதையில் வருபவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. இங்கே கதைக்குள்ளேயே ஆள் மாறுகிறார். கதாநாயகனான டாக்டர் ஒரு வேற்றுக்கிரகவாசி. சாகக் கிடக்கும்போது அவர் உடல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். முகம், குரல், சுபாவம் எல்லாம் மாறிவிடும், பழைய நினைவுகள் தொடரும். ‘இவர் நிஜமாகவே அவர்தானா?’ என்று கூட இருப்பவர்கள் சந்தேகப்படுவதில்தான் பல கதைகளே நகர்கின்றன.

இதெல்லாம் ஆரம்பத்திலேயே போட்ட திட்டம் என்று நினைக்கவும் கூடாது. முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடல்நிலை மோசமானது, வசனம் நினைவில் நிற்பதே கஷ்டமானது. தொடரை நிறுத்த மனமில்லாத குழு கண்டுபிடித்த வழி இது. 1966 அக்டோபரில் ஹார்ட்னெல் தரையில் சாய்ந்தார், அவர் முகம் இருந்த இடத்தில் பேட்ரிக் ட்ரவுட்டன் முகம் தெரிந்தது. ஹார்ட்னெலைப் போலவே நடிக்க ஒருவரைத் தேடாமல், நேர்மாறான ஒருவரைப் போட்டதுதான் சாமர்த்தியம். இந்த மாற்றத்துக்கு ‘ரீஜெனரேஷன்’ என்ற பெயர் வந்ததே 1974இல், மூன்றாவது டாக்டர் ஜான் பெர்ட்வீ விடைபெற்றபோது. 12 முறைதான் மாறலாம் என்ற விதி 1976இல் முளைத்தது. 2013இல் அதற்கும் ஒரு வழி பண்ணிவிட்டார்கள். ஆகவே விதிகளைக் காட்டிச் சண்டை போடுவது வீண்.

எண்ணிக்கையிலும் சறுக்குவார்கள். டேவிட் டென்னன்ட் பத்தாவது டாக்டர், 2022இல் திரும்பி வந்தபோது பதினான்காவது. ஜான் ஹர்ட்டும் ஜோ மார்ட்டினும் டாக்டர்கள்தான், ஆனால் இருவருக்கும் எண் கிடையாது. 1960களில் வந்த இரண்டு சினிமாக்களில் பீட்டர் குஷிங் நடித்தது பூமியைச் சேர்ந்த ஒரு விஞ்ஞானியாக. அவரை இந்த வரிசையில் சேர்ப்பதில்லை.

சரி, எங்கிருந்து பார்ப்பது? 1963இலிருந்து வரிசையாகப் பார்க்கிறேன் என்று உட்காராதீர்கள். பழைய நாடாக்களைப் பிபிசியே அழித்துவிட்டதால் 1960களின் அத்தியாயங்கள் நிறையக் கிடையாது. ட்ரவுட்டனின் முதல் கதையில் ஆறு பாகமும் போயிற்று. ஒலிப்பதிவு மட்டும் மிஞ்ச, 2016இல் அதற்கு அனிமேஷன் செய்தார்கள். நடுவில் நின்றுபோன தொடர் 2005இல் மீண்டும் தொடங்கியபோது டாக்டராக வந்த கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டனின் 13 அத்தியாயங்களிலிருந்து தொடங்குவதே நல்லது.

எனக்கு எரிச்சலூட்டுவது, புது டாக்டரை ஒரே கதையில் எடைபோடும் பழக்கம். மாறியவுடன் அவர் தள்ளாடுவதும் குழம்புவதும் வழக்கமாக எழுதப்படுவதுதான். டென்னன்ட் தன் முதல் கிறிஸ்துமஸ் கதையில் பாதிக்கு மேல் பைஜாமாவோடு தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

இதில் அதிகம் அடிபட்டவர் ஆறாவது டாக்டர் காலின் பேக்கர். 1984இல் வந்த அவருடைய முதல் கதையிலேயே டாக்டர் தன் தோழி பெரியின் கழுத்தை நெரிக்கிறார். கரடுமுரடாகத் தொடங்கி மெதுவாகக் கனிவு கூடும் என்பது திட்டம். ஆனால் அந்தக் கதையை சீசனின் கடைசியில் வைத்தார்கள். அடுத்த கதை வந்தது 1985 ஜனவரியில். அதுவரை மக்கள் மனத்தில் நின்றது அந்தக் கழுத்து நெரிப்புதான். பிபிசி 1986இல் அவரை நீக்கியது. மாறும் காட்சிக்கு மட்டும் வந்து போக அவர் சம்மதிக்கவில்லை. அதனால் 1987இல் அடுத்த டாக்டரான சில்வெஸ்டர் மெக்காயே சுருள்முடி விக் வைத்து, தரையில் கிடக்கும் பழைய டாக்டராகவும் நடிக்க வேண்டியிருந்தது. எழுத்தும் திட்டமும் சொதப்பியதற்கு நடிகரைத் திட்டுவது நியாயமில்லை. பிக் ஃபினிஷ் நிறுவனத்தின் ஒலி நாடகங்களில் அவர் டாக்டராகப் பேசுவதைக் கேட்டால் எவ்வளவு நல்ல நடிகர் என்று புரியும்.

2017இல் அடுத்த டாக்டராக ஜோடி விட்டேகரின் பெயர் வந்ததும், ‘திடீரென்று பெண்ணா?’ என்று கொதித்தார்கள். டாக்டரின் பரம வைரியான மாஸ்டர் 2014லேயே பெண்ணாக வந்தாயிற்று, அப்புறம் என்ன திடீர்?

எட்டாவது டாக்டர் பால் மெக்கானை ‘ஒரே படத்தோடு போனவர்’ என்று ஒதுக்குவதும் தவறு. 1996 டிவி படம் தொடராக வளரவில்லை, உண்மைதான். ஆனால் ஒலி நாடகங்களில் அவர் பல வருடங்கள் டாக்டராகவே இருந்தார். 2013இல் ஏழு நிமிடக் குறும்படம் ஒன்றில் திரும்பி வந்து, ஜான் ஹர்ட்டாக மாறியதும் அவர்தான். அந்த ஏழு நிமிடத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுங்கள்.